முகத்துக்கு ஒரு ஓடு

அளவு பிடிப்பது, மண் அடுக்கைப் பார்ப்பது, எலும்பைச் சுற்றிப் பிரஷ் போடுவது எல்லாம் உங்களுக்கு வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. நான் எட்டாவது வரைக்கும்தான் படித்தவன். அப்பா வேலை பார்த்த பஞ்சாலை மூடிய பிறகு மண் வேலைக்கு வந்து, அகழாய்வுக் குழிகளில் ஆட்களை வைத்து வேலை வாங்கும் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றேன். இப்போது ரெட்டியார்பாளையத்தில் வீட்டோடு இருக்கிறேன். காலையில் பிள்ளையாருக்கு நாலு பூ, சாயங்காலம் அம்மனுக்கு ஒரு விளக்கு. அதுதான் என் காரியம்.

ஆனால் பல பேரை ஒன்றாகப் புதைத்த குழி ஒன்று என்றைக்காவது உங்கள் காலடியிலும் திறக்கும். திறந்த அன்றைக்கே நாலு பக்கமும் ஆள் நின்று, யார் செய்தது, ஏன் செய்தது, இப்பவே சொல் என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் நம் அதிகாரி ஒருவர் எப்படி நின்றார் என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் வேலைக்கு வந்த புதிதில் ஒரு முதுமக்கள் தாழியைத் திறந்தோம். ஒரு ஆள்தான் இருப்பார் என்று நினைத்தோம். உள்ளே ஒரு பெரியவருடைய தொடை எலும்பு, பக்கத்தில் ஒரு குழந்தையின் தாடை, அதற்கும் கீழே இன்னொருவர். நடுவில் மண் படிந்திருந்ததை வைத்து, இவர்கள் ஒரே நாளில் போனவர்கள் இல்லை என்றார்கள் எங்கள் அதிகாரிகள். ஒருவரை வைத்து மூடி, வெகுகாலம் கழித்து மறுபடி மூடியைத் தூக்கி, இன்னொருவரைச் சேர்த்திருக்கிறார்கள். பழைய எலும்பை ஓரமாக ஒதுக்கி, புது ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள், வீட்டில் விருந்தாளிக்குப் பாய் போட நாம் தள்ளிப் படுப்பதில்லையா, அந்த மாதிரி. எனக்குக் கை தானாகக் கூப்பிக்கொண்டது. அந்த ஒதுக்கிய கையை நினைத்து நினைத்துப் பார்த்தேன். எந்தக் காலத்துக் கையோ.

இப்போது அந்தக் குழிக்கு வருகிறேன்.

விழுப்புரம் சாலையில் எங்கள் வீட்டைத் தாண்டிப் போய் உள்ளே திரும்பினால் ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்கே மாரியம்மன் கோயிலுக்குப் பின்னால் மண்டபம் கட்டக் கடைக்கால் தோண்டியபோது ஜே.சி.பி. வாயில் மண்டை ஓடு வந்தது. போலீஸ் வந்தது. டாக்டர்கள் வந்து பார்த்து, இது நம் காலத்துச் சாவு இல்லை, பழசு என்றார்கள். பிறகு எங்களுக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

நாங்கள் போவதற்கு முன்பே அந்தக் குழிக்கு ஒரு கதை இருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த கதை. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் வாந்திபேதி வந்து வீட்டுக்கு வீடு சாவு விழுந்ததாம். பிணத்தைத் தொட ஒருத்தரும் வரவில்லையாம். ஒரே ஒரு ஆள் மட்டும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தாராம். வந்தவர் ஒரு பெரிய பள்ளம் தோண்டி, எல்லாரையும் குப்பை மாதிரி தூக்கிப் போட்டு, நகையைக் கழற்றிக்கொண்டு, உயிர் இழுத்துக்கொண்டிருந்தவர்களையும் சேர்த்து மூடிவிட்டார் என்பது ஊர்ப் பேச்சு. அந்தப் பாவத்துக்குத்தான் ஓட்டு வீட்டில் இருந்த குடும்பம் ஓலைக் குடிசைக்கு வந்தது, அம்மனே அவர் வீட்டு ஓட்டைப் பிடுங்கிவிட்டாள் என்பார்கள்.

அந்தக் குடும்பத்துக்குக் குழிக்காரர் வீடு என்று பேர் நின்றுவிட்டது. இத்தனைக்கும் ஊரில் மற்றவர்களுக்கு அவர்களும் சொந்தபந்தம்தான். பேச்சுவார்த்தை உண்டு, கல்யாணம் காட்சிக்குப் போவார்கள். ஒன்று மட்டும் கிடையாது. ஆடி மாதம் அம்மனுக்குக் கூழ் வார்க்கும்போது வீட்டுக்கு வீடு கேழ்வரகு மாவு வாங்கி, எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் காய்ச்சுவார்கள். பம்பை அடித்துக்கொண்டு வரும் ஊர்வலம் எல்லா வாசலிலும் நிற்கும். குழிக்காரர் வீட்டு வாசலில் மட்டும் நிற்காமல் தாண்டிப் போகும். அந்த வீட்டு மாவு அம்மன் அண்டாவில் விழக்கூடாது.

அந்த வீட்டில் இப்போது இருப்பவர் ஏழுமலை. டவுனில் ஆட்டோ ஓட்டுகிறார். நாங்கள் வேலை தொடங்கிய அன்றைக்கே வந்து, குழியைச் சுற்றி நாங்கள் கட்டிய கயிற்றுக்கு வெளியே நின்றார்.

"எங்க தாத்தாவுக்கு அப்பாருதாண்ணா இத்தத் தோண்டுனவரு," என்றார் என்னிடம். "கீழ இருந்து இன்னா வருதுன்னு பாத்துட்டுப் போறேன். நல்லது வந்தாலும் கெட்டது வந்தாலும் நான் பாத்தாவணும்."

எங்கள் அதிகாரி ஒரு அம்மா. மேடம் என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட வயதில் சின்னவர். சாமி கும்பிடும் பழக்கம் அவருக்கு அவ்வளவாக இல்லை. ஆனால் தினமும் காலையில் நான் குழியின் ஈசானி மூலையில் கற்பூரம் ஏற்றும்போது செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நிற்பார்.

எங்களுக்கு நேரம் கம்மி. கோயிலில் காப்புக் கட்டிவிட்டால் திருவிழா முடியும்வரை எல்லைக்குள் பிணமோ எலும்போ திறந்து கிடக்கக் கூடாது. அதற்குள் முடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் ஜே.சி.பி.யை விட்டு அள்ளிவிடுவோம் என்று கோயில் தர்மகர்த்தா முதலிலேயே சொல்லிவிட்டார். அவரைக் கெட்டவர் என்று நினைக்காதீர்கள். அவர் குடும்பத்தில் பாதிப் பேர் அந்த வாந்திபேதியில் போனவர்கள். அவருக்கு அது கதை இல்லை, துக்கம்.

என் வீட்டிலும் தகராறு. "ஆடி மாசத்துல எலும்பத் தொட்டுட்டு வந்து எப்படி வெளக்கு ஏத்துவீங்க?" என்றாள் என் மனைவி. பின்பக்கம் ஒரு குடம் தண்ணீரும் மஞ்சளும் வைத்துவிடுவாள். தலைக்கு ஊற்றிக்கொண்டுதான் உள்ளே போவேன்.

மேல் மண்ணை எடுத்தோம். வழக்கம்போலச் செங்கல் துண்டு, நாட்டு ஓட்டுத் துண்டு. நம் புதுச்சேரியில் எங்கே குழி போட்டாலும் முதலில் வருவது அதுதானே. எங்கள் கைக்கு அது பழகிப்போயிருந்தது. ஓடு என்றால் மண் அள்ளும் பாண்டில் போடு, பாண்டு நிறைந்தால் மண்மேட்டில் கொட்டு. யாரும் சொல்லக்கூட வேண்டாம்.

அதற்குக் கீழே எலும்புக்கூடுகள் தெரிந்தன. ஒருவர் மேல் ஒருவர் குறுக்கே கிடந்தார்கள். ஒருவர் கால் இன்னொருவர் நெஞ்சின் மேல். சிலர் குப்புற. ஒரு பெண்ணின் கை முதுகுக்குப் பின்னால் மடங்கி இருந்தது. ஊர்க்கதை அப்படியே கண்முன்னால் கிடந்தது.

கயிற்றுக்கு வெளியே இருந்து செல்போனில் படம் பிடித்தவர்கள் அன்றைக்கே அனுப்பிவிட்டார்கள். "உயிரோடு புதைக்கப்பட்டவர்கள்" என்று என் மருமகன் போனுக்கே வந்தது.

மறுநாள் தர்மகர்த்தா நேராகக் குழிக்கு வந்தார். பின்னால் ஊர் ஆட்கள்.

"பாத்தாச்சு இல்ல மேடம்? தூக்கித்தான் போட்டிருக்கான். எங்க பாட்டன் சொன்னது பொய்யில்ல. எழுதிக் குடுத்துட்டு அள்ளிடுங்க. எங்க ஜனங்களுக்கு நாங்க காரியம் பண்ணிக்கிறோம்."

ஏழுமலை கயிற்றைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேடம் குழியைவிட்டு ஏறி வந்தார். "ஐயா, இவங்கள்லாம் கடைசியா போட்டவங்க. மேல இருக்கிறவங்க கடைசியா வந்தவங்கதானே? மொதல்ல போட்டவங்க இன்னும் அடியில இருக்காங்க. அவங்களப் பாக்காம என்னால எழுத முடியாது."

"அடியில இருக்கிறவன் மட்டும் பந்தியில ஒக்காந்திருக்கவா போறான்?" என்றார் கூட்டத்தில் ஒருவர். நாலு பேர் சிரித்தார்கள்.

"ஒக்காந்திருந்தா ஒன்னியும் கூப்புடுறேன், எல போட வா," என்றாள் எங்கள் ஆள் அஞ்சலை, கீழேயிருந்து. சிரித்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மேடம் தர்மகர்த்தாவிடம் சொன்னார்: "காப்புக் கட்டுறதுக்குள்ள முடிச்சிடுறேன். நீங்களே கூட வந்து நில்லுங்க. நாங்க எதையும் மறைக்கல."

அவர் முறைத்தார். ஆனால் அடுத்த நாளிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இந்தப் பக்கம் அவர், அந்தப் பக்கம் ஏழுமலை நின்றபடி. நடுவில் குழி.

உண்மையைச் சொன்னால் அன்றைக்கு எனக்கும் சந்தேகம் இல்லை. தூக்கிப் போட்டது தூக்கிப் போட்டதுதான், அடியில் வேறு என்ன இருக்கப் போகிறது என்றுதான் நினைத்தேன்.

மேல் அடுக்கைப் படம் எடுத்து, ஒவ்வொருவராகப் பிரித்து எடுத்தோம். ஒரு மூலையை மட்டும் விட்டுவைத்தோம். கோயில் வேப்பமரத்தின் வேர் அங்கே குறுக்கே ஓடியது. ஆடி மாதத்தில் அம்மன் மரத்து வேரை வெட்ட எங்கள் ஆட்களில் யாருக்குக் கை வரும்? எனக்கும் வரவில்லை. வெட்டச் சொல்லி மேடமும் வற்புறுத்தவில்லை. அந்த மூலை மண்ணோடு அப்படியே இருந்தது.

கீழே போகப் போகக் குழியின் குரலே மாறியது என்று சொல்வேன். நடு அடுக்கில் குறுக்கே கிடந்தவர்கள் குறைந்தார்கள். நேராகப் படுத்தவர்கள் வந்தார்கள். அடி அடுக்கை அடைந்தபோது அஞ்சலை பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு, "யண்ணா, இங்க வந்து பாரேன்," என்று மட்டும் சொன்னாள். அவள் குரலில் கேலியே இல்லை.

வரிசையாகப் படுத்திருந்தார்கள். எல்லாருக்கும் தெற்கே தலை, வடக்கே கால், நம் முறைப்படி. மல்லாந்து, கை இரண்டும் வயிற்றின் மேல். ஒரு பெண்ணின் பக்கத்தில் ஒரு கைக்குழந்தை, அவள் கை வளைவுக்குள் பொருத்தி வைத்தது போல. தலைமாட்டில் ஆளுக்கொரு சின்னக் கலயம். மணிக்கட்டில் கண்ணாடி வளையல், உடையாமல். கால் விரலில் வெள்ளி மெட்டி கறுத்துப்போய் இருந்தது. ஒரு காதில் தங்கம். இத்தனை காலம் மண்ணில் கிடந்தும் மின்னியது.

தர்மகர்த்தா நாற்காலியை விட்டு எழுந்து குழியின் விளிம்புக்கு வந்தார். "கழட்டல," என்றார். யாரிடமும் சொல்லவில்லை, தனக்குத்தானே.

ஆனால் மேடம் நகையைப் பார்க்கவில்லை. முகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முகத்தின் மேலும் ஒரு நாட்டு ஓடு கவிழ்த்திருந்தது. அரைவட்டமாக வளைந்த அந்த ஓடு நெற்றியிலிருந்து தாடை வரைக்கும் சரியாக மூடியிருந்தது. முழு ஓடு. உடைசல் இல்லை. ஒன்றைத் தூக்கினார். அடியில் முகத்தின் மேல் அவ்வளவாக மண் இல்லை.

"மண்ணு மூஞ்சில வுழக்கூடாதுன்னு," என்றாள் அஞ்சலை.

மேடம் சட்டென்று எழுந்தார். "அண்ணா, மேல வந்த ஓடெல்லாம் எங்க?"

எனக்கும் அப்போதுதான் உறைத்தது. மண்மேட்டில். செங்கல்லோடு சேர்த்து நாங்கள் எல்லாரும் கொட்டிய மேட்டில். போய்க் கிளறினோம். ஜே.சி.பி. ஏறி நசுக்கியது பாதி, உடைந்தது பாதி. எது யார் முகத்தின் மேல் இருந்தது, இருந்ததா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. படங்களைப் பார்த்தோம். படம் எடுக்கும் முன்பே ஓட்டை அப்புறப்படுத்தியிருந்தோம், சுத்தமாகத் தெரியட்டும் என்று.

பழகின கைதான் நம் வேலையில் ஆபத்து என்பதை அன்றைக்குப் பார்த்தேன். மறுநாள் காப்புக் கட்டும் நாள். அடியில் இருந்தவர்களை மரியாதையாக வைத்தார் என்று சொல்லலாம். மேலே இருந்தவர்களை? கடைசியில் மனசு மரத்துப்போய் வீசிவிட்டார் என்று ஊர் சொன்னால் மறுக்க எங்களிடம் ஒன்றும் இல்லை.

அப்போது ஏழுமலை கயிற்றைத் தாண்டி வந்துவிட்டார். முதல் தடவையாக. "மேடம், ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. உயிரோட யாரையும் போடலன்னு சொல்லுங்க. படிச்சவங்க நீங்க சொன்னா ஊரு கேக்கும்."

எல்லாரும் மேடத்தின் வாயையே பார்த்தோம். அடியில் அவ்வளவு அழகாகப் படுக்க வைத்தவர் உயிரோடு யாரைப் போட்டிருப்பார்? சொல்லிவிட்டால் என்ன? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அந்த ஆள் முகத்தைப் பார்த்தவர் யாராக இருந்தாலும் சொல்லியிருப்பார்கள்.

"அது எனக்குத் தெரியாதுங்க," என்றார் மேடம். "எலும்புல அது தெரியாது. தெரியாதத நான் சொன்னா, தெரிஞ்சத சொல்லும்போதும் யாரும் நம்ப மாட்டாங்க."

ஏழுமலையின் தோள் இறங்கிவிட்டது. எனக்கு மேடத்தின் மேல் கோபமே வந்தது.

அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை. வேப்பமர வேர் ஓடிய மூலையைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அங்க இன்னும் மேல் அடுக்கு இருக்கு இல்ல அண்ணா?"

இருந்தது. நாங்கள் தொடாதது அது ஒன்றுதான்.

நான் தர்மகர்த்தாவைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, "வேர வெட்டாம பாக்க முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றார் மேடம். அவரே இறங்கினார். வேருக்கு அடியில் கையை விட்டு, மூங்கில் குச்சியால் மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டி எடுத்தார். பாண்டு பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில். ஊர் முழுக்கச் சுற்றி நின்றது.

ஒரு ஆண். குப்புறக் கிடந்தார். ஒரு கால் மடங்கி, இன்னொருவர் இடுப்பின் மேல். இழுத்து வந்து அப்படியே விட்டது போல. தலை மண்ணில் புதைந்திருந்தது. அவர் பின்மண்டையின் மேல் ஒரு நாட்டு ஓடு கவிழ்த்து வைத்திருந்தது. வேர் அதன் மேலேயே சுற்றிப் பிடித்திருந்ததால் ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

மேடம் குச்சியை வைத்துவிட்டார்.

யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே. அடியில் படுத்தவர்களுக்குக் கலயம் வைக்க நேரம் இருந்தது. கை கால் நீட்டிவிடத் தெம்பு இருந்தது. போகப் போகக் கலயம் தீர்ந்தது, தெம்பும் தீர்ந்தது. கடைசியில் ஒரு உடம்பைத் திருப்பிப் போடக்கூடப் பலம் இல்லை. முகம் எந்தப் பக்கம் என்று பார்க்கக்கூட முடியவில்லை. அப்போதும் ஒரு ஓட்டை எடுத்து வந்து குனிந்து வைத்திருக்கிறது ஒரு கை. அந்த மூலையை அம்மன்தான் வேரால் பிடித்து வைத்திருந்தாள் என்று நான் நம்புகிறேன். மேடம் வேர் என்பார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

மேடம் மேலே ஏறி வந்து ஊராரிடம் பேசினார். மொத்தமே கொஞ்ச நேரம்தான் பேசினார்.

"மொதல்ல எங்க தப்பச் சொல்லிடுறேன். மேல் அடுக்குல வந்த ஓட்ட நாங்க குப்பைன்னு நெனச்சுக் கொட்டிட்டோம். அங்க எத்தன பேருக்கு ஓடு இருந்துச்சுன்னு இனிமே யாருக்கும் தெரியாது. உயிரோட யாரையாவது போட்டாங்களான்னும் தெரியாது. தெரிஞ்சது இதுதான். நகைய யாரும் கழட்டல. அடியில இருக்கிறவங்கள மொறப்படி படுக்க வெச்சிருக்காங்க. கடைசி ஆளுக்கும் ஓடு வெச்சிருக்காங்க. அவ்வளவுதான் என்னால எழுத முடியும்."

கூட்டத்தில் ஒருவர் கேட்டார்: "ஏம்மா, எல்லாம் முழு ஓடா இருக்குதே. அந்தக் காலத்துல அவ்வளவு ஓட்டுக்கு எங்க போனாரு?"

தர்மகர்த்தா மெதுவாகத் தலையைத் திருப்பி ஏழுமலையைப் பார்த்தார். "ஓட்டு வீடுதானடா ஒங்களுது..." என்று தொடங்கியவர் மேலே பேச முடியாமல் நிறுத்திக்கொண்டார். அம்மன் பிடுங்கியதாக ஊர் இத்தனை காலம் சொல்லி வந்த ஓடு.

ஏழுமலைக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"மேடம், அதையும் எழுதுவீங்களா?" என்று நான் கேட்டேன்.

"எழுத முடியாதுண்ணா. அது எந்த வீட்டு ஓடுன்னு ஓடு சொல்லாது," என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டுதான் சொன்னார்.

காப்புக் கட்டுவதற்கு முன் எல்லாரையும் எடுத்தோம். ஆராய்ச்சிக்கு வேண்டியது போனது. மற்றவர்களை ஊரே சுடுகாட்டில் முறைப்படி அடக்கம் செய்தது. ஓடுகளையும் கூடவே வைக்கச் சொன்னார் தர்மகர்த்தா.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொன்னேன். என் மனைவி ஈரத் தலையோடு நின்ற என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "அது தீட்டு இல்லீங்க," என்றாள்.

கூழ் வார்க்கும் அன்றைக்கு எங்களையும் அழைத்திருந்தார்கள். மனைவியோடு போனேன். ஊர்வலம் ஏழுமலை தெருவுக்குள் நுழைந்தது. முன்னால் பம்பை, பின்னால் மாவு வாங்கும் குண்டானைச் சுமந்துகொண்டு தர்மகர்த்தாவே வந்தார். வழக்கமாக வேறு யாராவது சுமப்பார்களாம். ஏழுமலை வீட்டு வாசலில் பம்பை நின்றது.

ஏழுமலை சட்டைகூடப் போடாமல் ஓடி வந்தார். "ஐயா, சொல்லி அனுப்பியிருக்கக் கூடாதா? திடீர்னு வந்து நின்னா மாவுக்கு நான் எங்க போவேன்?" அவருக்குக் கண்ணீரும் பதற்றமும் சேர்ந்து வந்தன. கடன் மாவு ஆகாது, அந்தந்த வீட்டில் அரைத்ததுதான் அம்மனுக்கு ஆகும்.

உள்ளேயிருந்து அவர் மனைவி ஒரு முறத்தில் மாவோடு வந்தார். பொடியாகச் சலித்த மாவு. ஓரத்தில் மஞ்சள் தடவி, நடுவில் வேப்பிலை செருகியிருந்தது.

"ஏது இது?" என்றார் ஏழுமலை.

"வருஷா வருஷம் அரச்சுத்தான் வெக்கிறேன்," என்றார் அந்த அம்மா. "அவங்க தாண்டிப் போனப்புறம் அடையா சுட்டுப் போடுவேன். நீங்களுந்தான துன்னீங்க."

தர்மகர்த்தா குண்டானைத் தலையிலிருந்து இறக்கி, அந்த அம்மாவுக்கு எட்டும்படி குனிந்து பிடித்தார்.